ஈரத்துக்கு ஒரு கிலோ

காலை ஆறு மணி பத்து நிமிடம். முதலில் கண்ணில் பட்டது வரிசை. பழைய பிள்ளைக்காம்பராவின் வாசற்படியிலிருந்து தண்ணீர்த் தாங்கி வரைக்கும் பெண்கள் ஒருவர் பின் ஒருவராக நின்றார்கள். முதுகில் கொழுந்துக் கூடை, தலையில் பொலித்தீன். தூறல் விழுந்துகொண்டிருந்தது. படியில் மேரி அக்கா நின்றார். அவருடைய தலைக்கு மேலே, உத்தரத்தில் தராசு தொங்கியது.

அன்று ஞாயிற்றுக்கிழமை. தோட்டத்தில் ஞாயிறன்று பெரட்டு கிடையாது. ஆட்களை எந்த மலைக்கு அனுப்புவது என்று பிரிக்கும் அந்தக் காலை வரிசையில் வாரத்துக்கு ஆறு நாள் நின்றவர்கள், ஏழாவது நாளுக்கும் தாங்களே ஒன்றை ஏற்படுத்திக்கொண்டிருந்தார்கள். கூடைகளில் தேயிலை இல்லை. லீக்ஸ், கோவா, கரட், சவுசவு. எல்லாம் அவர்களுடைய சொந்த மரக்கறி.

நீங்கள் அடுத்த மாதம் களப்பணிக்குத் தோட்டங்களுக்குப் போகிறீர்கள். மரக்கறிப் பங்குச் சங்கம் நடத்துவது எப்படி என்று உங்களுக்குச் சொல்லித் தந்திருப்பார்கள். விதை எங்கே வாங்குவது, கூட்டம் எப்படிக் கூட்டுவது என்பதையெல்லாம் நான் திரும்பச் சொல்லப்போவதில்லை. மேல்கணக்கில் நடந்ததை மட்டும் சொல்கிறேன். மேல்கணக்கு என்பது ஒரு தோட்டத்தின் மேற்பிரிவு. நானுஓயாவில் இறங்கி இரண்டு பஸ் மாற வேண்டும். தோட்டத்தின் பெயர் உங்களுக்குத் தேவைப்படாது.

பெற்றோலுக்கு ஜனங்கள் வரிசையில் நின்ற வருடம் அது. உரமும் வரவில்லை. அரிசி வாங்குகிறவர்கள் கடைக்காரரிடம் விலையைக் கேட்டுவிட்டு, ஒரு நிமிடம் சும்மா நின்று, பிறகுதான் அளவைச் சொன்னார்கள். லயம் என்கிற வரிசை வீடுகளுக்குப் பின்னால் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு துண்டு நிலம் உண்டு. ஒருவரிடம் லீக்ஸ் மட்டும் விளையும், இன்னொருவரிடம் சவுசவு மட்டும். எல்லாவற்றையும் ஞாயிறன்று ஓரிடத்தில் கொட்டுவது என்று முடிவானது. நல்லதைப் பங்கு போட்டு வீட்டுக்குக் கொண்டு போவது. அடிபட்டது, பூச்சி கடித்தது, முனை உடைந்தது எல்லாவற்றையும் ஒரே சட்டியில் போட்டு மத்தியானம் எல்லாரும் சாப்பிடுவது. மூடிக் கிடந்த பிள்ளைக்காம்பராவைத் தோட்டத்தில் கேட்டு வாங்கினோம். முன்பு கொழுந்துக்குப் போகும் தாய்மார் குழந்தைகளை விட்டுச் சென்ற கட்டடம் அது. சுவரில் குழந்தைகளின் உயரத்துக்கு வரைந்த வாத்துகள் இன்னும் இருந்தன.

சமையலுக்கு மேரி அக்கா பொறுப்பு. கொழுந்து எடுத்து ஓய்வுபெற்றவர், வேதக்காரர், அதாவது கிறிஸ்தவர். அண்டா மாரியம்மன் கோயிலில் இருந்து வந்தது. "மாரியாத்தா அண்டா, மேரியாத்தா சமையல். யாருக்காவது வயித்த வலிச்சா ரெண்டு சாமிகிட்டயும் கேட்டுக்கங்க" என்பார். தேங்காய் வாங்க முடியாது. ஒரு பிடி அரிசியை வறுத்து அரைத்துக் கரைத்து ஊற்றி, குழம்புக்குத் தேங்காய்ப்பால் நிறம் வரவைப்பார். வியாபாரிகள் வெட்டி எறியும் லீக்ஸின் கரும்பச்சைத் தாளை முடி மாதிரி நறுக்கி, கருவாட்டுத் தலை ஒன்றோடு சுண்டி வைப்பார். வாசம் மூன்று லயத்துக்கு வீசும்.

சட்டிக்கு ருசி கொடுத்தது செல்வராணியின் கீரை. அவருடைய துண்டு நிலம் ஓடையோரத்தில் இருந்தது. வெயில் படாது. வல்லாரை, பொன்னாங்கண்ணி, கொத்தமல்லி, நிலம் சற்று மேடான இடத்தில் நாலு வரிசை உருளைக்கிழங்கு. கணவர் மரம் வெட்டப் போன இடத்தில் விழுந்து முதுகு முறிந்து லயத்துக் காம்பராவுக்குள் படுத்திருந்தார். சம்பாதிக்கும் ஆள் செல்வராணி ஒருவர்தான். மூத்த மகள் பவித்ரா சாதாரண தரப் பரீட்சை எழுதும் வருடம். கொழும்பில் ஒரு வீட்டில் குழந்தை பார்க்க ஆள் வேண்டும் என்று ஹட்டனில் இருந்து ஒரு தரகர் பெண் இரண்டு முறை வந்து கேட்டுப் போயிருந்தார். அவருக்குச் செல்வராணி சொன்ன பதிலை மேரி அக்காதான் எனக்குச் சொன்னார்: "சட்டி இருக்கிற வரைக்கும் புள்ள பள்ளிக்கூடம் போவா."

இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். மற்றவர்களுக்கு அந்தச் சட்டி ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு. அந்த வீட்டுக்கு அது ஒரு பெண்ணின் பரீட்சை.

முதல் சில மாதங்கள் தராசு கிடையாது. படங்குச் சாக்கில் கொட்டிக் குவித்து, மேரி அக்கா கண்ணளவில் பிரிப்பார். சண்டை வராமல் இருக்குமா? "அவ கொண்டாந்தது நாலு சவுசவு. மடியில கட்டிட்டுப் போறது என் கரட்டு" என்று ஒருவர் தொடங்க, அகப்பையைத் தூக்கும் அளவுக்குப் போனது. இதைத் தோட்டத்து ஆபீசில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். கொழுந்து நிறுக்க மின்தராசு வந்துவிட்டதால் பழைய தொங்குதராசு சும்மா கிடந்தது. அதைக் கொடுத்தார்கள். தோட்ட வேலைகளை மேற்பார்க்கும் கண்டாக்கு ஐயாவே நின்று உத்தரத்தில் மாட்டுவித்தார். தராசுக்குச் சந்தனம் பூசிப் பொட்டு வைத்தார்கள். ஒரு தேங்காய் உடைத்தார்கள். அன்று மட்டும்தான் சட்டியில் உண்மையான தேங்காய்ப்பால்.

எல்லாரும் சிரித்த முகமாக நின்ற அந்த நாளைப் பற்றித்தான் நான் அதிகம் யோசித்திருக்கிறேன். ஒரு பொருள் உங்கள் கைக்கு இலவசமாக வரும்போது, அது முன்பு என்ன வேலை பார்த்தது என்று கேளுங்கள். பொருள் மட்டும் தனியாக வருவதில்லை.

அடுத்த ஞாயிறு மழை. முதல் கூடை லீக்ஸ். மேரி அக்கா முள்ளைப் பார்த்தார். "பதினொண்ணு. ஈரத்துக்கு ஒண்ணு. பத்து."

மலையில் கொழுந்து நிறுக்கும்போது அப்படித்தான். மழை நாளில் இலையில் இருக்கும் தண்ணீருக்கு என்று ஒரு கிலோ, சில தோட்டங்களில் இரண்டு கிலோ கழிப்பார்கள். கூடைக்கு வேறு. அந்தக் கழிவைத் திட்டாத கொழுந்துக்காரி கிடையாது. என் அம்மாவும் திட்டியிருக்கிறார். ஆனால் பிள்ளைக்காம்பராவில் அந்தச் சொல் விழுந்தபோது ஒருவரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. எனக்கும் அது காதுக்குப் பழகிய சத்தமாகத்தான் இருந்தது. அங்கே யாரும் யாருக்கும் விற்கவில்லை. கொஞ்ச நேரத்தில் தண்ணீர் ஊற்றிக் கொதிக்கவைக்கப்போகிற லீக்ஸில் இருந்து எதற்காக மழையைக் கழிக்க வேண்டும் என்று கேட்க ஆள் இல்லை.

அரைப்பேர் வந்தது விளையாட்டாக. தோட்டத்தில் குறித்த கிலோ எடுக்காவிட்டால் அன்றைக்கு அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம். ஒரு ஞாயிறு லெச்சுமியின் கூடையில் நாலு ராபுக் கிழங்கு, அதாவது முள்ளங்கிதான் இருந்தது. "அடியே, உனக்கு இன்னைக்கு அரைப்பேருடி" என்றார் மேரி அக்கா. லெச்சுமி இடுப்பை வளைத்து, "தொரை, மன்னிச்சிருங்க தொரை" என்று கும்பிட்டார். வரிசை முழுவதும் சிரித்தது. இரண்டு வாரம் அந்தச் சிரிப்பு ஓடியது. மூன்றாவது வாரம் யாரோ, "ஏன், நெசமாவே அப்படி வச்சா என்ன? கொண்டாராதவங்களும் கொண்டாருவாங்க" என்றார்கள். கூட்டம் நடந்தது. எட்டுக் கிலோவுக்குக் குறைந்தால் அரைப்பேர். அரைப்பேர் என்றால் பாதிப் பங்கு. மத்தியானச் சட்டியில் ஆளுக்கு ஒன்று இல்லை, வீட்டுக்கு ஒரே அகப்பை.

எனக்கு முன்னால் இந்த வேலையைப் பார்த்தவர் ஒன்று சொல்வார்: கை தூக்கச் சொல்வதற்கு முன்னால், பேசாமல் இருப்பது யார் என்று பாருங்கள். பார்த்தேன். செல்வராணி பேசவில்லை. கை தூக்கச் சொன்னபோது அவரும் தூக்கினார். தோட்டத்தில் எட்டு மணிநேரம் சட்டத்துக்குள் நிற்கிறவர்கள், சொந்தச் சட்டம் என்று ஒன்று வரும்போது அதற்கு எதிராகக் கை கட்டி நிற்கமாட்டார்கள். அப்படி நின்றால் சோம்பேறி என்று பெயர் வரும்.

முதலில் மாறியது சட்டி. நீங்கள் அறிக்கை எழுதப் பழகுவதற்கு முன் சட்டியை ருசித்துப் பார்க்கப் பழகுங்கள். கீரை வருவது குறைந்தது. கொத்தமல்லி நின்றது. பச்சைமிளகாய் நின்றது. இவையெல்லாம் தராசில் முள்ளை அசைக்காதவை. வெளி இலை உரிக்காத கோவா வந்தது. பீட்ரூட் தண்டோடும் மண்ணோடும் வந்தது. எல்லா வேலியிலும் சவுசவு ஏறியது, ஏனென்றால் அது ஒன்றுதான் பார்க்காமல் விட்டாலும் காய்க்கும், தராசில் கனமும் நிற்கும். மேரி அக்கா அகப்பையால் கிண்டிக்கொண்டே சொன்னார்: "இது குழம்பு இல்ல மிஸ். சவுசவு குளிச்ச தண்ணி."

"கீரை கொண்டாரச் சொல்லுங்களேன், அக்கா."

"கீரையைத் தராசுல போட்டா அரைப்பேரு. யாரு கொண்டாருவா?"

செல்வராணி மட்டும் கொண்டுவந்தார். அவரிடம் வேறு இல்லை. கிழங்கின் கனம்தான் அவருடைய கூடையை எட்டுக் கிலோவுக்குக் கொண்டுவந்து நிறுத்திக்கொண்டிருந்தது. அந்த மாதத்தில் பன்றிகள் ஓடை வழியே இறங்கி அந்த நாலு வரிசையையும் உழுதுவிட்டுப் போயின. அதற்குப் பிறகு தொடர்ந்து அரைப்பேர்.

இப்போது அந்த ஆறு மணி பத்துக்கு வருகிறேன். முந்தின நாள் கடைசி பஸ்ஸில் வந்து டீச்சர் ஒருவர் வீட்டில் தங்கியிருந்ததால் அவ்வளவு காலையில் அங்கே நிற்க முடிந்தது. தராசு வந்த புதிதில் ஓரிரு நாள் தவிர, வழக்கமாக நான் மத்தியானச் சாப்பாட்டு நேரத்துக்குத்தான் போவேன். நிறுக்கும் வரிசையை முழுதாகப் பார்த்தது அன்றுதான்.

செல்வராணியின் முறை வந்தது. கூடையில் வல்லாரை, பொன்னாங்கண்ணி, அடியில் பன்றி விட்டுவைத்த கோலிக்குண்டு அளவுக் கிழங்குகள்.

"நாலு" என்றார் மேரி அக்கா. "ஈரத்துக்கு ஒண்ணு. மூணு."

"கீரை அக்கா. கீரையே ஈரந்தானே."

பின்னால் ஒரு குரல்: "வெயில்ல காயப்போட்டுக் கொண்டாந்திருக்கணும்."

"இந்த ஊருல வெயிலு எங்க இருக்கு? நீ பொட்டிக்குள்ள பூட்டி வச்சிருக்கியா?" என்றார் இன்னொருவர். சிரித்தார்கள். செல்வராணியும் கொஞ்சம் சிரித்தார். ஆனால் கூடையை எடுத்துக்கொண்டு நகரவில்லை.

"அக்கா, ஒண்ணு கேக்குறேன். புள்ளைக்குப் பரீச்சை முடியிற வரைக்கும் முழுப்பேரு போடுங்க. பெறகு அரைப்பேருன்னாலும் சரி, பேரே இல்லன்னாலும் சரி."

மேரி அக்கா அவரைப் பார்க்கவில்லை. வரிசையைப் பார்த்தார். "என்னையக் கேக்காத. எல்லாரும் கை தூக்கினோமே."

"நானுந்தான் தூக்கினேன்."

"அதத்தான் சொல்றேன்."

லெச்சுமி வரிசையில் இருந்து எட்டிப் பார்த்தார். அரைப்பேரை வைத்து முதலில் சிரிக்கவைத்தவர் அவர்தான். அன்று சிரிக்கவில்லை. "எனக்குக் காய்ச்ச வந்தப்ப அரைப்பேருதானே போட்டீங்க. நான் வாயைத் தொறந்தேனா? அவ புள்ள பரீச்சை எழுதுறா, சரி. என் புள்ள எழுதல. எழுதாத புள்ளைக்குப் பசிக்காதா?"

அது நியாயமான கேள்வி.

நான் பேசினேன். சட்டம் நீங்கள் போட்டதுதான், ஒரு வீட்டுக்காகக் கொஞ்ச காலம் ஒதுக்கி வைக்க உங்களுக்கு உரிமை இருக்கிறது என்றேன். சரியான வார்த்தைகளைத்தான் சொன்னேன் என்று நினைக்கிறேன்.

"வைக்கலாம் மிஸ்" என்றார் மேரி அக்கா. குரலில் கோபம் இல்லை. "யாரு பங்குல இருந்து எடுக்குறதுன்னு நீங்களே சொல்லுங்க. நான் எடுத்துக் குடுக்குறேன்."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அந்தக் கூடைகள் ஒவ்வொன்றுக்கும் பின்னால் இருக்கும் வீடு எனக்குத் தெரியும். எந்தக் கூடையைக் காட்டுவது? மழை பலத்தது. பின்னால் நின்ற ஒருவர், "சீக்கிரம் ஆகட்டும், புள்ளைக்குத் தேத்தண்ணி குடுக்கல" என்றார். மேரி அக்கா, "அரை" என்றார். செல்வராணி படியில் இருந்து இறங்கினார்.

வரிசைக்குள் வைத்து எதையும் தீர்க்க முடியாது. இதை மட்டும் என்னால் உறுதியாகச் சொல்ல முடியும். பசியோடு ஈரத்தில் நிற்கிறவர்களிடம், அவர்களுடைய கூடை தராசுக்கு வருவதற்கு முன்னால், இன்னொருவருக்கு இரக்கம் காட்டச் சொல்வது அவர்களுக்கும் செய்யும் கொடுமை. பேசுவதற்கு உரிய நாள் சந்தனம் பூசிய நாள். அன்று பேச யாருக்கும் எதுவும் தோன்றவில்லை. உங்களுக்கும் தோன்றாது என்றே பயப்படுகிறேன்.

மத்தியானம் சமையலறையில் மேரி அக்கா அண்டாவின் விளிம்பைத் துடைத்துக்கொண்டு நின்றார். செல்வராணி வந்து ஒரு அகப்பை வாங்கிப் போயிருந்தார். கணவருக்கு என்று சொன்னார். பிள்ளைகளை அனுப்பவில்லை.

"எங்கம்மாவுக்கு அரைப்பேரு போட்ட கணக்கப்பிள்ளை ஒருத்தரு இருந்தாரு, மிஸ்" என்றார் மேரி அக்கா. "அவரு மொகம் நல்லா ஞாபகம் இருக்கு."

"மோசமான ஆளா?"

"இல்ல. ரொம்ப நல்ல மனுசன்."

துடைத்த துணியைப் பிழிந்து கம்பியில் போட்டார்.

பரீட்சைக்கு முன்பே பவித்ராவை அழைத்துப்போக ஹட்டனில் இருந்து வேன் வந்த அன்று நானும் அங்கே இருந்தேன். பள்ளிக்கூடப் பையைத் தோளில் மாட்டியிருந்தாள். புத்தகம் இல்லாமல் உடுப்பு மட்டும் இருந்ததால் பை உப்பிக்கொண்டு நின்றது. மேரி அக்கா ரொட்டியும் லீக்ஸ் சுண்டலும் பொதி கட்டிக் கொடுத்தார்.

"பெரியம்மா, அங்க சட்டி கழுவுறதுக்கு மெசின் இருக்காம்" என்றாள் பவித்ரா.

"அப்ப உன்னைய எதுக்காம்?"

"மெசினுக்குள்ள அடுக்க."

அவள் சிரித்தாள். மேரி அக்காவும் சிரித்தார். செல்வராணி வேனுக்கு அந்தப் பக்கம் நின்று, கதவு சரியாகச் சாத்தியிருக்கிறதா என்று இரண்டு முறை இழுத்துப் பார்த்தார்.

இதைக் கேட்டுவிட்டு, தராசே கூடாது என்று நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டாம். கொத்மலைப் பக்கத்தில் இன்னொரு சங்கம் இருந்தது. அங்கே தராசு வைக்கவில்லை. கண்ணளவிலேயே பிரித்தார்கள். நல்ல மரக்கறியை வீட்டில் மறைத்துவிட்டு அழுகியதைக் கொண்டுவருவதாக ஒருவரை ஒருவர் குற்றம் சொல்லி, மழைக்காலம் முடிவதற்குள் சட்டி நின்றுபோனது. அந்த லயத்தில் இன்று வரைக்கும் பேச்சுவார்த்தை இல்லாத வீடுகள் உண்டு. ஆகவே எது சரியான வழி என்று என்னிடம் கேட்காதீர்கள். ஒன்று சண்டையில் முடிந்தது. மற்றது முடியவே இல்லை, ஒழுங்காக நடக்கிறது. பார்வையாளர்கள் வந்தால் அதைத்தான் காட்டுகிறார்கள்.

நான் ஓய்வுபெறுவதற்கு முன் கடைசியாக மேல்கணக்குக்குப் போன ஞாயிறும் மழைதான். ஓடையோரமாக நடந்தேன். வல்லாரை இருந்த இடத்தில் கவட்டைக் கம்புகள் நட்டுக் கம்பி இழுத்துப் பந்தல் போட்டிருந்தது. மேலே சவுசவு. பந்தலின் அடியில் வெளிச்சம் இல்லை, ஒன்றும் முளைத்திருக்கவில்லை. செல்வராணி கூடையை நிரப்பிக்கொண்டிருந்தார்.

"புள்ள எப்படி இருக்கா?"

"இருக்கா மிஸ். போன் எடுப்பா. நல்ல சாப்பாடாம்." ஒரு காயைத் திருகிப் பறித்து, துடைக்காமல் கூடையில் போட்டார். "வாங்க, வரிசை தொடங்கிரும்."

நான் அவருக்குப் பின்னால் போனேன். அவருடைய முறை வந்தபோது மேரி அக்கா முள்ளைப் பார்த்தார்.

"பதினாறு. ஈரத்துக்கு ஒண்ணு. பதினஞ்சு."

செல்வராணிக்கு அன்று முழுப்பேர்.